சீருக்கு ஒரு கன்டெசா

பிப்ரவரி 11, ஞாயிறு

காங்கேயத்துச் சம்பந்தி வீட்டார் வந்துவிட்டுப் போனார்கள். தையில் நிச்சயம் முடிந்த பிறகு இதுதான் முதல் வரவு என்பதால் வசந்தாமணி விடியும் முன்பே எழுந்து ஒப்புட்டு சுட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் கொடுத்தாள். சர்க்கரைக்காரனாம் நான். கட்டிய பெண்டாட்டி கையால் அடுத்தவன் வயிறு நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பந்தி தென்னந்தோப்பும் எண்ணெய் ஆலையும் வைத்திருப்பவர், நிதானமாகப் பேசுவார். எங்களுக்கென்று எதுவும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்கிற சீரைச் செய்யுங்கள் என்றார். இப்படி ஆரம்பிப்பவர்கள் எங்கே போய் முடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? கணபதி ஏரியாவில் இத்தனை வருஷமாக இரும்பு வார்ப்படப் பட்டறை நடத்துகிறேன், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். என்ன கேட்கப் போகிறாரோ என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் மாப்பிள்ளை ஹரிபிரசாத் செல்போனை என் பக்கம் நீட்டினார். பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் சமத்தூரில் ஒரு கன்டெசா கார் விலைக்கு வருகிறதாம். தொண்ணூற்றொன்றாம் வருஷத்து வண்டி. வாங்கியவரே இன்னும் வைத்திருக்கிறார். அதிகம் ஓட்டாமல் ஷெட்டிலேயே கிடந்ததாம். படத்தில் தார்ப்பாய்க்கு அடியில் வண்டியின் மூக்கு மட்டும் தெரிந்தது.

"புது வண்டி யாரு வேணா வாங்கலாமுங்க மாமா. இந்த மாதிரி தேடுனாலும் கெடைக்காது. எனக்கு இது ஒண்ணு போதும்" என்றார்.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பழைய இரும்பின் அருமை தெரிந்த பையன் கெட்டவனாக இருக்க முடியாது. என் வாலிப வயசில் ஒருத்தர் கன்டெசாவில் வந்து இறங்கினால் தெருவே எட்டிப் பார்க்கும். எனக்கும் அந்த ஆசை இருந்தது. எனக்கு வாய்த்தது ஆம்னி வேன்.

மகள் தாரணி காபி கொண்டுவந்து வைத்தாள். ஆஸ்பத்திரி வேலையை எப்போது விடப்போகிறாய் என்று மாப்பிள்ளை அவளைக் கேட்டார். அவள் பிசியோதெரபிஸ்ட், கைகால் விழுந்தவர்களை நடக்க வைக்கிற வேலை. ஊரான் காலைப் பிடித்துவிட்டு வந்த கையால் எனக்குச் சோறு போடுவாயா என்று தமாஷாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். தாரணியும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 13

பட்டறையில் கரண்ட் இல்லை. மத்தியானத்துக்கு மேல் உலை மூட்டி என்ன பிரயோஜனம், ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கன்டெசாவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

வசந்தாமணியைக் கூட்டிக்கொண்டு சமத்தூர் போய் வண்டியைப் பார்த்தேன். தாரணி டியூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அவளுக்குத்தானே சீர், வந்து பார்த்தால் என்ன? இந்தக் காலத்துப் பெண்களுக்கு எதில்தான் ஆர்வம் என்று தெரியவில்லை.

வண்டிக்காரர் பெயர் நாச்சிமுத்து. எண்பது இருக்கும். விற்க நினைப்பது அவர் மகன் மகுடேஸ்வரன். ஷெட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் வீடு கட்ட வேண்டுமாம். தார்ப்பாயை அவன் எடுத்ததும் நான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். வெள்ளை வண்டி. நான்கு பக்கமும் கட்டை கொடுத்து, சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். சீட்டுக்கு ஷோரூமில் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் கிழிக்கவில்லை. பானெட் மேலும் ஸ்டியரிங் மேலும் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து கிடந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்தேன். துரு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒயரில் எலி வாய் வைக்கவில்லை, மூலைக்கு மூலை பாச்சை உருண்டை போட்டிருந்தார்கள். ரப்பர் குழாய்களெல்லாம் அப்பளமாகக் காய்ந்துவிட்டன, அதெல்லாம் மாற்ற வேண்டும். டயரில் வெடிப்பு. இத்தனை வருஷம் நின்ற வண்டிக்கு இது இயற்கை. மீட்டரைப் பார்த்தால் நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது இந்த வண்டிக்குத்தான் பொருந்தும்.

மகுடேஸ்வரன் பேட்டரி கொண்டுவந்து மாட்டினான். வருஷத்துக்கு ஒரு தடவை பூஜையன்று மட்டும் கிளப்பிவிடுவார்களாம். சாவியைப் பெரியவர் யாரிடமும் கொடுக்கவில்லை, அவரே உட்கார்ந்து திருகினார். இரண்டு தடவை முனகிவிட்டு மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டுமே! அப்படியே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

"வண்டி உங்களுக்குங்களா?" என்று கேட்டார் பெரியவர்.

மகள் சீருக்கு, வைகாசியில் கல்யாணம், மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் இஞ்சினை அணைத்தார். சாவியை மடியில் வைத்துக்கொண்டார். தார்ப்பாயைத் தானே இழுத்து மூடிவிட்டு, வீட்டுக்குள் போனவர் திரும்பி வரவேயில்லை. மகுடேஸ்வரனுக்கு முகம் சுண்டிவிட்டது. அப்பாவுக்கு வயசாகிவிட்டது, நான் பேசிச் சம்மதிக்க வைக்கிறேன் என்றான்.

அதுவரை வசந்தாமணி சமையல்கட்டில் மகுடேஸ்வரனின் மனைவியோடு மோர் குடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். வரும் வழியில் கிணத்துக்கடவு தாண்டியும் அவள் வாயைத் திறக்கவில்லை. வண்டி எப்படி என்று கேட்டதற்கு, நல்ல வண்டிதான் என்றாள்.

பிப்ரவரி 19

சாம்பாரில் உப்பில்லை. கேட்டால் சர்க்கரைக்கு உப்பு ஆகாது என்கிறாள். சர்க்கரைக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்?

பிப்ரவரி 25, ஞாயிறு

மாப்பிள்ளை தினமும் போன் போட்டு வண்டி என்ன ஆயிற்று என்று கேட்கிறார். அவ்வளவு ஆசை.

இன்று தாரணியைப் பல்லடம் பக்கம் வெளியே கூட்டிப்போனார். போனது அவர் காரில், அவள் திரும்பி வந்தது டவுன் பஸ்ஸில். பேசிக்கொண்டே போனபோது ஏதோ சொல்லிவிட்டாளாம், பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டாராம். அவசர வேலை ஏதாவது வந்திருக்கும். ஆலை வைத்திருப்பவர்களுக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது? கைப்பையும் போனும் அவர் காரிலேயே தங்கிவிட்டன. டிக்கெட்டுக்கு யாரோ ஒரு அம்மாள் காசு கொடுத்தாராம். இப்படியா கவனமில்லாமல் இருப்பாய் என்று தாரணியைத்தான் திட்டினேன். அவள் குளியலறைக்குள் போய் ரொம்ப நேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். சிறுவாணித் தண்ணீர் வருகிற லட்சணத்தில் இது வேறு.

பிப்ரவரி 28

வசந்தாமணி இன்றைக்குத்தான் சொன்னாள். சமத்தூர் சமையல்கட்டில் கேட்டதை இத்தனை நாள் மனசுக்குள் போட்டுப் புழுங்கியிருக்கிறாள்.

அந்தக் கன்டெசா நாச்சிமுத்துவின் மூத்த மகள் கோகிலவாணிக்குச் சீராக வாங்கிய வண்டி. அவளைத் தாராபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் புருஷன் வீட்டுத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து அவளை எடுத்தார்களாம். விழுந்தாளா, தள்ளினார்களா என்று கடைசி வரை தெரியவில்லை. பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசிச் சீர் சாமான்களைத் திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். அண்டா குண்டாவெல்லாம் டிக்கியில் வைத்து வண்டி வந்து சேர்ந்தது.

வசந்தாமணி இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்வது? அந்தப் பெண்ணுக்கு அப்போது தாரணி வயசுதான் இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 4, ஞாயிறு

நான் மட்டும் சமத்தூர் போனேன். மனசு ஒரு நிலையில் இல்லை. இருந்தாலும் இயந்திரம் என்றால் இயந்திரம்தான், அதற்கு என்ன தெரியும் என்றும் ஒரு எண்ணம். வீட்டில் பெரியவர் மட்டும்தான் இருந்தார். எதையாவது பேச வேண்டுமே என்று, வண்டி ஏன் இவ்வளவு குறைவாக ஓடியிருக்கிறது, நடுவில் மீட்டர் கேபிள் அறுந்துவிட்டதா என்று கேட்டேன்.

பெரியவர் ஷெட் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"மீட்டரு சரியாத்தானுங்க இருக்குது. அந்த வண்டி வேற எங்கயுமே போனதில்லீங்க. கோயிலுக்குப் போனதில்ல, ஒரு கலியாணத்துக்குப் போனதில்ல. அவ புருசன் எம்பொண்ணக் கொண்டாந்து எறக்கிட்டு, வண்டியயும் இங்கயே போட்டுட்டு பஸ் ஏறிப் போயிருவான். நான் டிக்கியில எதாச்சும் ஏத்தி, பெட்ரோலு போட்டு, அவளயும் ஏத்திக் கொண்டுபோயி விட்டுட்டு வருவேன். அந்த ஓட்டம் மட்டுந்தானுங்க அதுல இருக்குது."

இத்தனை வருஷம் ஏன் விற்கவில்லை என்று கேட்டேன். விற்றால் எவனாவது அதைச் சந்தோஷமாக ஓட்டுவானே என்று இருந்ததாம். இப்போது மகன் வீடு கட்ட வேண்டும் என்கிறான், சரி என்று விட்டுவிட்டாராம். வேறு எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், சீருக்கு என்றால் மட்டும் வேண்டாம் என்றார். அவர் மருமகள் தோட்டத்திலிருந்து வந்து டீ வைத்துக் கொடுத்தாள். என்னால் குடிக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது அவர்மேல் பரிதாபம் வந்ததைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. பெற்ற மகள் வீட்டுக்கு வந்து நிற்கிறாள், அவளைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இவரெல்லாம் ஒரு தகப்பனா?

மார்ச் 5

முடிவு செய்துவிட்டோம். ஒரு பெண்ணைக் காவு வாங்கிய வண்டி, ராசியில்லாத வண்டி, நமக்கு வேண்டாம். எனக்கு இந்த ராசி பீடையிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் தெரிந்த பிறகு யார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது? திருப்பி வந்த சீரை மறுபடி சீராகக் கொடுத்தான் என்று நாளைக்கு ஊர் சிரிக்காதா? சாயங்காலம் மருதமலைக்குப் போய்த் தாரணி பெயருக்கு அர்ச்சனை செய்தேன். முருகன்தான் சரியான நேரத்தில் கண்ணைத் திறந்துவிட்டான். பெரிய கண்டத்திலிருந்து என் மகள் தப்பித்தாள்.

மலையிலிருந்து இறங்கும்போது மனசு பஞ்சாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வசந்தாமணிக்கு மல்லிகைப் பூ வாங்கினேன். வாங்கி வைத்துக்கொண்டாள், தலையில் வைக்கவில்லை.

மார்ச் 8

மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னேன். கிணற்றுக் கதையெல்லாம் சொல்லவில்லை, பெரியவர் தர மறுக்கிறார் என்று மட்டும். சொல்லி முடிப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. ராத்திரிக்குள் சம்பந்தி கூப்பிட்டு, பையன் சாப்பிடவில்லை, முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறான் என்றார். குழந்தை மனசு.

மார்ச் 11

புது வண்டியே புக் செய்துவிட்டேன். பெரிய வண்டி. கறுப்பு நிறம்தான் வேண்டும் என்றார் மாப்பிள்ளை, மங்கல காரியத்துக்குக் கறுப்பா என்று இழுத்தேன், கடைசியில் சரி என்றேன். கன்டெசாவுக்கு ஆகியிருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகட்டும். மகள் நன்றாக இருந்தால் போதும்.

மார்ச் 18, ஞாயிறு

தாரணிக்கு நேற்றோடு ஆஸ்பத்திரியில் வேலை முடிந்தது. இன்று கூடத்தில் உட்கார்ந்து அந்த வெள்ளைக் கோட்டை மடித்துக்கொண்டிருந்தாள். வசந்தாமணி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போல.

அந்த வண்டியை ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டாள். ராசியில்லை என்றேன். அந்தப் பெண் செத்தது வண்டியாலா என்றாள். அப்படியில்லை, இருந்தாலும் மனசுக்கு ஒரு மாதிரி இருக்குமல்லவா என்றேன். மடித்த கோட்டை விரித்து மறுபடி மடித்தாள்.

"அந்தப் பொண்ணோட கதையக் கேட்டப்பறமும் உங்களுக்கு வண்டிய மட்டுந்தான் வேண்டாம்னு தோணுச்சுங்களாப்பா?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வேறு எதை வேண்டாம் என்பது? பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது, மண்டபம் பேசியாயிற்று, மாமன் மச்சானுக்கெல்லாம் சொல்லியாயிற்று. நிச்சயமான பெண் பேசுகிற பேச்சா இது? நாலு எழுத்து படிக்க வைத்தது என் தப்பு என்று கத்தினேன். வசந்தாமணி சமையல்கட்டு வாசல் வரை வந்து நின்றாள், உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"சரிங்கப்பா" என்றாள் தாரணி. அவ்வளவுதான்.

மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். தொட்டியில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் ரொம்ப நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 2

பத்திரிகை வந்துவிட்டது. தெய்வசிகாமணி என்கிற என் பெயரைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகப் போட்டிருக்கிறான் அச்சகத்துக்காரன்.

ஏப்ரல் 22, ஞாயிறு

கல்யாண ரவிக்கையைத் தையல்காரரிடம் இரண்டாம் தடவை பிடிக்கக் கொடுத்தார்கள். தாரணி அவ்வளவு இளைத்துவிட்டாள். கல்யாணப் பெண்கள் எல்லோருமே இளைப்பார்கள் என்று வசந்தாமணியிடம் சொன்னேன். நான் இளைக்கவில்லையே என்றாள் அவள்.

மே 27, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாப்பாட்டைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. கறுப்பு வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினோம். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், எழுதுவதில் என்ன வெட்கம். தாரணி மட்டும் அழவில்லை.

ஜூன் 20

வீடு வெறிச்சென்று இருக்கிறது. தாரணி போன் செய்தால் நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டீர்களா, வைக்கட்டுமா, அவ்வளவுதான் பேச்சு. பக்கத்தில் யாரோ நின்று கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி பேசுகிறாள். கூட்டுக் குடும்பம், நாலு பேர் இருக்கத்தான் செய்வார்கள்.

ஜூலை 15, ஞாயிறு

ஆடி பிறக்கப் போகிறது. காங்கேயம் போய் வழக்கப்படி தாரணியை அழைத்து வந்தோம். கறுப்பு வண்டியையே எடுத்துப் போங்கள், ஆவணியில் அதிலேயே கொண்டுவந்து விட்டுவிடுங்கள் என்றார் மாப்பிள்ளை. எவ்வளவு பெருந்தன்மை. வண்டி ஓடுவதே தெரியவில்லை, சத்தமே இல்லை.

வீட்டுக்குள் வந்ததும் தாரணி செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் பழைய கட்டிலில் படுத்தாள். எழுந்தது மறுநாள் மத்தியானம்தான், இந்த வரியை அதன் பிறகு சேர்க்கிறேன்.

ஜூலை 29, ஞாயிறு

இன்னும் தூங்கிக்கொண்டேதான் இருக்கிறாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் யாரோ தட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது போல அவசர அவசரமாகச் சாப்பிடுகிறாள். இந்தப் புழுக்கத்திலும் முழங்கைக்குக் கீழே இறங்குகிற ரவிக்கைதான். வசந்தாமணி ஏதோ பார்த்திருக்கிறாள். எண்ணெய் தெறித்ததாம் என்று என்னிடம் சொன்னாள், சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை போன் வந்தால் தாரணி எழுந்து நின்று பேசுகிறாள். மரியாதை தெரிந்த பெண்.

ஆலைக்குப் புதிதாக ஒரு செக்கு போட வேண்டியிருக்கிறதாம். மாமா பட்டறைக்காரர்தானே, வார்ப்படமெல்லாம் அவரே ஊற்றிக் கொடுத்துவிடுவார் என்று அவள் மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். செய்யலாம். நம் கையில் இருக்கிற தொழில்தானே.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

வசந்தாமணி தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது தாரணி கேட்டாள்.

"ஆவணி பொறந்தா போயே ஆகணுங்களாப்பா?"

பின்னே என்ன சாமி, போகாமல் இருந்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்றேன். வசந்தாமணியின் கை எண்ணெய்க் கிண்ணத்திலேயே நின்றது. நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன். என்ன படித்தேன் என்று இப்போது கேட்டால் ஒரு வரி சொல்லத் தெரியாது.

ஆகஸ்ட் 17, வெள்ளி

ஆவணி முதல் தேதி. நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினோம். செக்குக்கு ஊற்றிய வார்ப்படங்களை டிக்கியில் ஏற்றினேன். பல்லடம் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். இளநீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, போலாமுங்கப்பா என்று அவளே சொன்னாள்.

வண்டி அவர்களுடையது என்பதால் அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வேறு எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 10, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று காலை பொள்ளாச்சியில் ஒரு கயிறு ஆலைக்கு வார்ப்படம் இறக்கிவிட்டுத் திரும்பினேன். ஆம்னியை ஏன் சமத்தூர் பக்கம் திருப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஷெட் இடிக்கப்பட்டு, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். கன்டெசாவைக் கேரளாக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். நாச்சிமுத்து வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, உட்காரச் சொன்னார். மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசினோம்.

பிறகு கேட்டார், "பொண்ணு எப்பிடி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"நானும் அப்பிடித்தானுங்க சொல்லிட்டிருந்தேன்."

குத்திக் காட்டுகிற குரலில் சொல்லவில்லை. தேங்காய் விலையைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். நான் எழுந்துவிட்டேன். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. வேனுக்கு வந்து சாவியைப் போட்டேன், திருகவில்லை. எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் இல்லை. பல்லடம் பஸ் ஸ்டாண்டில் அவளை இறக்கிவிட்டதும் தெரியும், ரவிக்கைக் கை ஏன் நீளமாயிற்று என்பதும் தெரியும். தெரிந்துதான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அந்தப் பெரியவரைத் தகப்பனா என்று கேட்ட நான்தான் விட்டுவிட்டு வந்தேன்.

உடுமலை, தாராபுரம் வழியாகக் காங்கேயத்துக்கு ஓட்டினேன். தாராபுரத்தில் எங்கேயோ அந்தக் கிணறு இருக்கிறது. ரோட்டை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

போய்ச் சேரும்போது சாயங்காலம். மாப்பிள்ளை வாசலில் கறுப்பு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் வந்துவிட்டீர்களே மாமா என்றார். தாரணி ஈரக் கையோடு பின்கட்டிலிருந்து வந்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம் என வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை.

"வீட்டுக்கு வந்தர்றயா சாமி?" என்று கேட்டேன்.

ஆடிதான் முடிந்துவிட்டதே மாமா என்று மாப்பிள்ளை சிரித்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. தாரணி என்னையே பார்த்தாள். அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை.

"இத நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேப்பா."

உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். சம்பந்தி வந்தார். உட்காருங்கள், காபி குடியுங்கள், எதுவானாலும் பேசிக்கொள்ளலாம், நம் குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது என்றார். மாப்பிள்ளை குரலை உயர்த்தினார். எனக்கு அவர்கள் பேசியது எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. மகள் என்னோடு வரவேண்டும் என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

தாரணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வேனின் முன் சீட் காலியாகத்தான் இருந்தது. பின்கதவைத் திறந்து, சாக்குகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வழியில் ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். கண்ணாடியில் பார்த்தால் சாக்கின் மேல் தலையைச் சாய்த்திருந்தாள். வீட்டு வாசலில் இறங்கியவள் நேராகப் போய் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அதன் பிறகு உள்ளேயிருந்து வந்த அழுகையை நான் வேன் பக்கத்தில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 12

சம்பந்தி பக்கத்திலிருந்து நாலு பேர் வந்து உட்கார்ந்து பேசினார்கள். என் தங்கை புருஷனும் அவர்களோடு சேர்ந்துகொண்டு, கோபதாபம் எந்தக் குடும்பத்தில் இல்லை, பெண்ணை அனுப்பி வையுங்கள் என்றார். அனுப்புவதாக இல்லை என்றேன். அப்படியென்றால் கொடுத்த வண்டியை எப்போது திருப்பி வாங்குவதாக உத்தேசம் என்று ஒருத்தர் கேட்டார். அது அங்கேயே நிற்கட்டும் என்றேன்.

செப்டம்பர் 17

வசந்தாமணி தாரணியை டாக்டரிடம் கூட்டிப்போய் வந்தாள். கையைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. நானும் முழுதாகக் கேட்கவில்லை. மாத்திரை வாங்கிவரச் சொன்னாள், வாங்கிவந்தேன்.

செப்டம்பர் 23, ஞாயிறு

பழைய ஆஸ்பத்திரியில் அடுத்த மாதத்திலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். பக்கத்து வீட்டு அம்மாளிடம் தாரணி சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும்.

என்னோடு அவள் பேசுவதில்லை. தட்டு வைக்கிறாள், சோறு போடுகிறாள், சாப்பிடுங்கப்பா என்ற வார்த்தை மட்டும் வருவதில்லை. இன்று காலை வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன், அப்பா மேல் கோபமா சாமி என்று. அவள் இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபமாக இருந்தால் சண்டை போடுவாள். இது கோபம் இல்லை. இதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை, சரியாகும் என்றும் தோன்றவில்லை.

மத்தியானம் அவள் பக்கத்து அறையில் தூங்கினாள். மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பட்டறைக்குப் போக வேண்டிய வேலை இருந்தது, போகவில்லை. கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பேசாவிட்டால் போகட்டும். வீட்டில் இருக்கிறாள்.